கர்மேல் மலையில் சிலை இல்லை

ஆகஸ்ட் 29-ஆம் தேதி சிவாஜிநகர் புனித மரியாள் பசிலிக்காவில் கொடி ஏறும். அன்றிலிருந்து செப்டம்பர் 8 வரை காவி உடுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாக நடந்து வருவார்கள், பலர் வெறுங்காலோடு. சேலை கட்டிய மாதா தேரில் வலம் வருவாள். இந்த நாட்களில் பெங்களூருத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு வாக்குவாதம் தவறாமல் நடக்கும். அம்மா வழி கத்தோலிக்கம், அப்பா வழி சி.எஸ்.ஐ., வந்த மருமகள் பெந்தெகொஸ்தே என்று மூன்றும் ஒரே கூரைக்குள் இருக்கிற ஊர் இது. ஒருவர் தேர்ப் படம் போட்டால், அதற்குக் கீழே இன்னொருவர் எலியா தீர்க்கதரிசியை இழுத்து வருவார். பாகால் சிலையை உடைத்த எலியாவின் வழியில் வந்த நாம் இதைச் செய்யலாமா என்று ஒரு வரி விழும். அப்புறம் இரண்டு நாளைக்குக் குழுவில் 'காலை வணக்கம்' கூட வராது.

எலியாவைத் துணைக்குக் கூப்பிடுபவர்கள் இவர்கள் மட்டுமல்ல. பக்கத்து வீட்டு இந்துவின் பூஜை மாடத்தைக் குறை சொல்லும் தெருமுனைப் பிரசங்கியும் அவரைத்தான் கூப்பிடுகிறார். எதிர்த் திசையிலிருந்தும் கேள்வி வருகிறது: சிலையே கூடாது என்கிற வேதத்தை வைத்துக்கொண்டு மலை மேல் இயேசுவுக்குச் சிலை எதற்கு? மூன்று தரப்பும் எலியாவை ஒரு சம்மட்டியாகவே கையில் வைத்திருக்கின்றன. யார் மண்டையில் இறக்குவது என்பதில்தான் வேறுபாடு.

மூவருக்கும் ஒரே வேண்டுகோள். 1 இராஜாக்கள் நூலின் 18-ஆம் அதிகாரத்தை (கத்தோலிக்கப் பதிப்பில் 1 அரசர்கள்) ஒரு தடவை முதலிலிருந்து கடைசி வரை படியுங்கள். பலிபீடம் இருக்கிறது, காளை இருக்கிறது, விறகு இருக்கிறது, தண்ணீர்க் குடங்கள் இருக்கின்றன. சிலை ஒன்றுகூட இல்லை. எலியா அந்த மலையில் எந்தச் சிலையையும் உடைக்கவில்லை. உடைந்து கிடந்த ஒரு பலிபீடத்தை எடுத்துக் கட்டினார்.

அப்படியானால் அங்கே நடந்ததுதான் என்ன? காலம் கி.மு. 9-ஆம் நூற்றாண்டு. வட இஸ்ரவேலின் அரசன் ஆகாப் சின்ன ராஜா இல்லை. கி.மு. 853-இல் அசீரியப் பேரரசை எதிர்த்துச் சேர்ந்த கூட்டணியில் அவன் கொண்டுவந்தது 2,000 தேர்கள், 10,000 வீரர்கள் என்று அசீரியர்களே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவன் மனைவி யேசபேல் சீதோன் அரசன் மகள். கடற்கரை வணிக நாட்டோடு செய்துகொண்ட கலியாணம். சம்பந்தத்தோடு பாகால் வழிபாடும் வந்தது. தலைநகர் சமாரியாவில் பாகாலுக்கு அரசுச் செலவில் கோயில் எழுந்தது. அரசியின் பந்தியில் சாப்பிட்ட தீர்க்கதரிசிகள் பாகாலுக்கு 450 பேர், அசேரா என்ற பெண் தெய்வத்துக்கு 400 பேர் என்று நூல் சொல்கிறது. இஸ்ரவேலின் கடவுளான யாவேயின் தீர்க்கதரிசிகளை யேசபேல் கொன்று கொண்டிருந்தாள். அரண்மனை அதிகாரி ஒபதியா 100 பேரைக் குகைக்கு ஐம்பது பேராக ஒளித்து வைத்து, அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றி வந்தார்.

ஆகாப் யாவேயைக் கைவிட்டுவிடவும் இல்லை. அவன் பிள்ளைகள் அகசியா, யோராம் இருவர் பெயரிலும் யாவேயின் பெயர்தான் கலந்திருக்கிறது. அதாவது குலதெய்வமும் வேண்டும், மாமனார் வீட்டுத் தெய்வமும் வேண்டும். அரசியல் கணக்கில் அது புத்திசாலித்தனம்கூட.

இந்த இடத்தில் பாகால் யார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. பல நூற்றாண்டுகளாகப் பாகாலைப் பற்றி உலகத்துக்குக் கிடைத்த சேதி பெரும்பாலும் அவன் எதிரிகள் எழுதி வைத்ததுதான். 1928-இல் சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ரா என்ற இடத்துக்கு அருகில் உழுதுகொண்டிருந்த ஒரு விவசாயியின் கலப்பை ஒரு கல்லறையின் மேல் தட்டியது. அடுத்த ஆண்டு தொடங்கிய அகழாய்வில் உகரித் என்ற பழைய நகரமும், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த களிமண் பலகைகளும் வெளிவந்தன. அவற்றில் பாகாலின் சொந்தப் பக்தர்கள் பேசுகிறார்கள். அவன் மேகத்தின் மேல் ஏறி வருகிறவன், இடியைக் குரலாகக் கொண்டவன். சாவின் தெய்வமான மோத் அவனை விழுங்கும்போது நிலம் காய்கிறது. அவன் மீண்டு வரும்போது மழை பெய்கிறது. சுருக்கமாகச் சொன்னால், மழைக்குப் பொறுப்பான தெய்வம்.

அதனால்தான் எலியா முதலில் வாய் திறக்கும்போதே மழையைத் தொடுகிறார். நான் சொல்லும் வரை இந்த வருஷங்களில் பனியும் மழையும் இல்லை என்கிறார். எந்தத் துறை பாகாலுடையது என்று நாடு நம்பியதோ அந்தத் துறையிலேயே சவால். மூன்றாம் வருஷம் ஆகும்போது ஆகாப் என்ன செய்கிறான் தெரியுமா? ஒபதியாவோடு நாட்டைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு நீரூற்று நீரூற்றாக அலைகிறான். ஜனங்களுக்குத் தண்ணீர் தேடி அல்ல. குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் சாகவிடாமல் காக்கப் புல் கிடைக்குமா என்று. 2,000 தேர் வைத்திருந்தவனுக்கு அதுதான் கவலை. வறட்சிக் காலத்து அரசாங்கத்தை இதைவிடக் கச்சிதமாக ஒரே வரியில் யாரும் காட்டியதில்லை என்பது என் எண்ணம்.

2024 மார்ச்சில் பெங்களூரில் டேங்கருக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்த அதிகாரம் வேறு மாதிரிப் படும். நகரத்துக்கு ஒரு நாளைக்கு 2,600 மில்லியன் லிட்டர் தேவை, சுமார் 500 மில்லியன் லிட்டர் பற்றாக்குறை என்று முதலமைச்சரே சொன்னார். ஏறக்குறைய 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிப்போயின. இதை மனதில் வைத்துக்கொண்டு கர்மேல் காட்சியைப் பாருங்கள். பலியின் மேல் நெருப்பை அனுப்பிப் பதில் சொல்கிற தெய்வமே தெய்வம் என்பது போட்டி. காலையிலிருந்து நண்பகல் வரை பாகாலின் ஆட்கள் பீடத்தைச் சுற்றி ஆடிக் கூப்பிடுகிறார்கள். எலியா கேலி செய்கிறார்: உங்கள் தெய்வம் யோசனையில் இருக்கலாம், வெளியூர் போயிருக்கலாம், தூங்கிக்கொண்டும் இருக்கலாம், இன்னும் உரக்கக் கூப்பிடுங்கள். அவர்கள் கத்தியால் உடம்பைக் கீறிக்கொள்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மாலையில் எலியா பன்னிரண்டு கல்லை எடுத்துப் பீடம் கட்டி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, நான்கு குடம் தண்ணீரை விறகின் மேல் ஊற்றச் சொல்கிறார். மறுபடி நான்கு. மறுபடி நான்கு. மூன்றாம் வருஷ வறட்சியில் பன்னிரண்டு குடம் தண்ணீர் கண் முன்னால் மண்ணில் ஓடுகிறது. நெருப்பு விழுந்ததைப் பற்றியே எல்லாப் பிரசங்கமும் பேசும். நெருப்பு விழுந்த பிறகும் கதை முடியவில்லை. எலியா மலையுச்சியில் முழங்காலுக்கு நடுவே முகத்தை வைத்துக் குனிந்திருக்கிறார். வேலைக்காரன் ஏழு தடவை கடலைப் பார்த்துவிட்டு வருகிறான். ஏழாம் தடவை உள்ளங்கை அளவு ஒரு மேகம். போட்டி அங்கேதான் முடிந்தது.

மழையும் அரசும் வழிபாடும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது நமக்கும் புதிதில்லை. 2019 ஜூனில் கர்நாடக முஜராய் துறை தன் கோயில்களில் மழைக்குச் சிறப்புப் பூஜை நடத்தச் சொன்னது. அதே கோடையில் தமிழக அறநிலையத் துறையும் யாகம் நடத்தச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. தேவாலயங்களில் மழைக்கு உபவாச ஜெபம் நடக்கும், ஈத்காவில் மழைத் தொழுகை நடக்கும். இதைச் சொல்வது எந்த வழிபாட்டையும் பாகாலோடு சேர்க்க அல்ல. அப்படிச் சேர்ப்பதுதான் தவறான வாசிப்பு என்பதே என் பேச்சு. எலியாவின் சண்டை ஒரு குறிப்பிட்ட உடன்படிக்கைக்குள் நடக்கிற சண்டை. உன்னைத் தவிர வேறு தெய்வம் இல்லை என்று சீனாய் மலையில் வாக்குக் கொடுத்த ஒரு ஜனம், கொடுத்த வாக்கில் நிற்கிறதா இல்லையா என்பது வழக்கு. அந்த வாக்கைக் கொடுக்காதவர்களின் பேரில் அந்த வழக்கே இல்லை. எத்தனை நாளைக்கு இப்படி இரண்டு பக்கமும் நொண்டுவீர்கள் என்று அவர் கேட்டது இஸ்ரவேலரைப் பார்த்து. ஜனங்கள் ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை என்று நூல் எழுதுகிறது.

சந்தேகம் இருப்பவர்கள் ஓர் அதிகாரம் பின்னால் போகட்டும். பஞ்ச காலத்தில் எலியா எங்கே ஒளிந்திருந்தார்? சாறிபாத்தில். அது சீதோனுக்குச் சேர்ந்த ஊர். யேசபேலின் பிறந்த நாடு, பாகாலைக் கும்பிடுகிறவர்களின் தேசம். அங்கே ஓர் ஏழை விதவை, கடைசிப் பிடி மாவைச் சுட்டுத் தின்றுவிட்டு மகனோடு சாகலாம் என்று சுள்ளி பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் வீட்டில் எலியா தங்கினார். உன் தெய்வம் எது, மாடத்தில் என்ன வைத்திருக்கிறாய் என்று அவர் கேட்டதாக ஒரு வரி இல்லை. உன் தேவனாகிய கர்த்தர் என்றுதான் அவளும் பேசுகிறாள், உன்னுடைய தேவன் என்று. மகன் பிழைத்த பிறகு அவர் கர்த்தருடைய ஆள்தான் என்று ஒப்புக்கொள்கிறாள். அதையும் அவளாகவே சொல்கிறாள். சொந்த நாட்டில் மலை மேல் அத்தனை முழக்கம், அந்நிய நாட்டு அடுப்படியில் அத்தனை அடக்கம்.

அவருடைய சீடர் எலிசாவின் கதை இன்னும் தெளிவு. சீரியப் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்கியபின் ஒரு சங்கடத்தைச் சொல்கிறான். என் ராஜா ரிம்மோன் கோயிலுக்குப் போகும்போது என் கையில்தான் சாய்ந்துகொள்வார், அவர் குனிந்தால் நானும் குனிய வேண்டும், இதைக் கர்த்தர் மன்னிப்பாரா? எலிசா அவனுக்கு இறையியல் வகுப்பு எடுக்கவில்லை. சமாதானத்தோடு போ என்கிறார், அவ்வளவுதான். அலுவலகத்து ஆயுத பூஜையில் தட்டை நீட்டியதும் என்ன செய்வது என்று திணறுகிற ஊழியர்களுக்கு இந்த இரண்டு வசனத்தைப் பிரசங்கிகள் ஏன் எடுத்துக் காட்டுவதில்லை என்று எனக்கு வெகுநாளாக ஒரு கேள்வி உண்டு.

கர்மேல் கதையின் ஒரு பகுதியை மறைத்துவிட்டு எலியாவைச் சாதுவாக்கிக் காட்டவும் கூடாது. போட்டி முடிந்ததும் பாகாலின் தீர்க்கதரிசிகளைக் கீசோன் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் எலியா கொல்லுகிறார். 450 பேர். ஞாயிறு பள்ளிப் படப் புத்தகங்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடும். அது அந்தக் காலத்துப் போர், யேசபேல் செய்த கொலைகளுக்குப் பதில் என்றெல்லாம் விளக்கம் சொல்லலாம். சொன்னாலும் ரத்தம் ரத்தம்தான். நூலே அங்கே நிற்காமல் போவதைக் கவனிக்க வேண்டும். அடுத்த அதிகாரத்தில் எலியா வெற்றி வீரராக இல்லை. உயிருக்குப் பயந்து ஓடுகிறார், ஒரு செடியின் அடியில் படுத்துச் சாகக் கேட்கிறார். ஓரேப் மலைக் குகையில், நான் ஒருவன் மட்டும் மிச்சம் என்று புலம்புகிறார். பெருங்காற்று வருகிறது, நிலநடுக்கம் வருகிறது, நெருப்பு வருகிறது. எதிலும் கடவுள் இல்லை என்று நூல் ஒவ்வொன்றாகச் சொல்கிறது. கர்மேலில் பதிலாக வந்த அதே நெருப்பில் இங்கே அவர் இல்லை. அதற்குப் பிறகுதான் மெல்லிய சத்தம். நீ ஒருவன் இல்லை, இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்று திருத்தமும் கிடைக்கிறது. தான் மட்டுமே சுத்தம் என்று நினைக்கிற எல்லாக் குழுக்களும் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

சிலை என்ற பொருளைப் பற்றி எலியா அதிகம் பேசவில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. அவர் காலத்தில் பெத்தேலிலும் தாணிலும் யெரொபெயாம் வைத்த பொன் கன்றுக்குட்டிகள் நின்றன. அவற்றைக் கண்டித்து எலியா பேசியதாக ஒரு வசனமும் பதிவாகவில்லை. அந்தக் கன்றுக்குட்டியை வாய்விட்டுத் திட்டியவர் நூறு வருஷம் கழித்து வந்த ஓசியா. கட்டையில் பாதியை அடுப்பில் எரித்துவிட்டு மீதியைத் தெய்வமாகச் செதுக்குகிறானே என்ற புகழ்பெற்ற நையாண்டி ஏசாயா நூலின் 44-ஆம் அதிகாரத்தில் வருகிறது. எரேமியாவின் 10-ஆம் அதிகாரமும் அதே சாயல். பாபிலோனின் பிரம்மாண்டமான சிலைகளுக்கு முன்னால், தோற்றுப்போய் நாடிழந்த ஒரு ஜனத்துக்குத் தைரியம் சொல்ல எழுந்த பேச்சு அது. ஆளுகிறவனின் தெய்வத்தை அடிமை கேலி செய்வது வேறு. அதே வரிகளைப் பெரும்பான்மை எடுத்துச் சிறுபான்மையின் மேல் வீசுவதும், வசதி உள்ளவன் எடுத்துச் சேரியின் மாரியம்மன் மேல் வீசுவதும் வேறு.

இந்த நையாண்டிக்கு நம் பக்கத்திலும் வேர் உண்டு. நட்ட கல்லைச் சுற்றுவதைக் கேள்வி கேட்ட சிவவாக்கியர் தமிழ்ச் சித்தர். 12-ஆம் நூற்றாண்டுக் கல்யாணத்தில் பசவண்ணர், கட்டி நிறுத்திய கோயிலைவிட நடமாடும் மனிதனை மேலே வைத்தார். ஆனால் கையில் ஏந்தி வழிபட இஷ்டலிங்கத்தைக் கொடுத்தார். பெரியார் 1953 மே 27-இல் திருச்சியில் மண் பிள்ளையாரை உடைத்தார். அவர் வாதம் கடவுளே இல்லை என்பது. எலியாவோடு அவரைச் சேர்க்க இருவருமே சம்மதிக்கமாட்டார்கள். பிள்ளையாரை உடைத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு பிரிவினர் புனிதமாக நினைக்கும் எந்தப் பொருளுக்கும், அது கோயிலில் பிரதிஷ்டை ஆகாததாக இருந்தாலும், சட்டத்தின் காப்பு உண்டு என்று 1958-இல் நீதிமன்றம் விளக்கம் சொன்னது. பழைய தண்டனைச் சட்டத்தின் 295-ஆம் பிரிவு இன்று பாரதிய நியாய சம்ஹிதாவில் 298. எலியா பெயரைச் சொல்லிக்கொண்டு பக்கத்து வீட்டுப் படத்தில் கைவைக்க நினைப்பவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி, வீட்டுக்குள் நடக்கும் சண்டைக்கு வருகிறேன். பத்துக் கட்டளையில் சிலை கூடாது என்ற கட்டளையைக் கத்தோலிக்கர் எடுத்துவிட்டார்கள் என்பது சி.எஸ்.ஐ. வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார். எடுக்கவில்லை. வேறு தெய்வம் கூடாது, சுரூபம் கூடாது என்ற இரண்டையும் அவர்கள் முதல் கட்டளையாகச் சேர்த்து எண்ணுகிறார்கள். கடைசியில் வரும் இச்சையை இரண்டாகப் பிரித்துப் பத்தை நிரப்புகிறார்கள். புராட்டஸ்டண்டு இயக்கத்தைத் தொடங்கிய லூத்தரும் அப்படித்தான் எண்ணினார். அது மட்டுமல்ல, 1522-இல் விட்டன்பர்க் தேவாலயத்தில் அவருடைய தோழர்களே சிலைகளைப் பிடுங்கி எறிய ஆரம்பித்தபோது, ஒளிந்திருந்த இடத்திலிருந்து திரும்பி வந்து எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கம் செய்து நிறுத்தினார். சிலையை ஒழிப்பதைச் சட்டமாக்குவதும் அடிமைத்தனமே என்பது அவர் கட்சி.

கத்தோலிக்கத் தரப்பு 787-இல் நிசேயாவில் கூடிய இரண்டாம் சங்கத்தை ஆதாரமாகக் காட்டும். கடவுளுக்கு மட்டுமே ஆராதனை, படத்துக்கும் சிலைக்கும் மரியாதை. அந்த மரியாதையும் சிலை யாரைக் காட்டுகிறதோ அவரைப் போய்ச் சேர்கிறது என்பது அந்தச் சங்கத்தின் முடிவு. 1563-இல் திரெந்து சங்கம் அதையே உறுதி செய்து, சிலைக்குள் ஏதோ சக்தி இருப்பதாக நினைத்து எதையும் கேட்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. போதனை தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் ஒரு வியாழக்கிழமை நின்று பார்த்தால், கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கைகளில் எத்தனை இந்த எல்லைக்கோட்டை நினைத்துப் பார்க்கின்றன என்ற கேள்வி எழாமல் இராது. புராட்டஸ்டண்டு உறவினரின் கேள்வியில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது.

வேதத்துக்குள்ளேயே இதற்கு ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறது. பாலைவனத்தில் பாம்பு கடித்தவர்கள் பார்த்துப் பிழைக்க வெண்கலப் பாம்பு செய்தவர் மோசேதான், அதுவும் கடவுள் சொல்லி. உடன்படிக்கைப் பெட்டியின் மேல் இருந்த கேருபீன்களும் செதுக்கிய உருவங்களே. அதே பாம்புக்குப் பின்னாளில் ஜனங்கள் தூபம் காட்ட ஆரம்பித்ததும் எசேக்கியா ராஜா அதை நொறுக்கிப் போட்டார். செய்ததும் சரி, உடைத்ததும் சரி என்றே நூல் எழுதுகிறது. பொருள் மாறவில்லை, அதோடு மனிதர் வைத்திருந்த உறவு மாறிவிட்டது. அந்த உறவை வெளியிலிருந்து அளக்கக் கருவி இல்லை என்பதால் இந்த வாக்குவாதம் தீரவும் தீராது.

வாக்குவாதத்துக்கு நடுவில் ஒரு வேடிக்கையை மட்டும் இரு தரப்பும் ரசிக்கலாம். எலியாவைத் தங்கள் ஆன்மிகத் தந்தையாகக் கொண்ட துறவற சபை ஒன்று இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்மேல் மலையிலேயே, எலியாவின் ஊற்று என்று சொல்லப்பட்ட இடத்தில் ஒதுங்கியிருந்த துறவிகளில் தொடங்கிய கார்மேல் சபை. அவர்கள் இலச்சினையில் எலியாவின் வாள் இருக்கிறது. சபை நிறுவனர்கள் வரிசையில் எலியாவுக்கும் ஒரு சிலை வேண்டும் என்று கேட்டு வாங்கி, 1727-இல் ரோமாபுரி பேதுரு பேராலயத்துக்குள் நிறுத்தியும் விட்டார்கள். சிலை எதிர்ப்பின் அடையாளமாக நாம் காட்டுகிற ஆள், பளிங்கில் நிற்கிறார்! போட்டி நடந்ததாகச் சொல்லப்படும் முஹ்ரகாவிலும் வாளை ஓங்கிய எலியா கல்லில் நிற்கிறார். விவேக்நகர் குழந்தை இயேசுவுக்கு மூலமான பிராகா நகரத்துச் சிறு உருவம் 1628-இல் ஒரு சீமாட்டி கார்மேல் துறவிகளுக்குக் கொடுத்தது. பெங்களூர் அரண்மனைச் சாலையில் 1948-இல் தொடங்கிய மவுண்ட் கார்மேல் கல்லூரியும் இதே மலையின் பெயரைத் தாங்குகிறது. அதே சாலை போய்ச் சேரும் பசவேஸ்வர வட்டத்தில், கட்டி நிறுத்தியதை நம்பாத பசவண்ணர் குதிரை மேல் சிலையாக இருக்கிறார். இன்னும் ஒரு பங்காளி உண்டு. குர்ஆனின் 37-ஆம் அத்தியாயத்தில் இல்யாஸ் நபி தம் மக்களிடம் பாகாலை அழைக்கிறீர்களா என்று கேட்கிறார். பசிலிக்காவைச் சுற்றிய சிவாஜிநகர்ச் சந்துகளில் இல்யாஸ் என்று பெயர் வைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

கர்நாடகத்தில் கடந்த சில ஆண்டுகளில் சிலை பற்றி எழுந்த பெரிய சண்டைகள் எதுவும் இந்த இறையியலைப் பற்றியவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019 கிறிஸ்துமஸ் அன்று ஹாரோபெலேயின் கபால பெட்டா மலையில் 114 அடி இயேசு சிலைக்குக் காங்கிரஸ் தலைவர் டி.கே. சிவகுமார் அடிக்கல் நாட்டி, 10 ஏக்கர் நிலத்தின் பத்திரத்தைக் கிராமத்தாரிடம் கொடுத்தார். 2020 ஜனவரி 13-இல் கனகபுராவில் எதிர்ப்புப் பேரணி நடந்தது, அன்றைய பா.ஜ.க. அரசு நில ஒதுக்கீடு பற்றி அறிக்கை கேட்டது. அதே வருஷம் மார்ச்சில் தேவனஹள்ளிப் பக்கம் தொட்டசாகரஹள்ளியில் ஒரு சிலை அகற்றப்பட்டது. 2022 பிப்ரவரியில் கோலார் மாவட்டம் கோகுண்டேயில் வருவாய்த் துறையே ஓர் இயேசு சிலையை இடித்தது. அது நின்றது கோமாள நிலம், அதாவது மாடு மேய்க்கும் அரசுப் புறம்போக்கு என்று காரணம் சொன்னார்கள். மேடையில் பேசியது மதம், கோப்பில் இருந்தது நிலம். சிலை வைத்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரு கேள்வியைப் பொதுவாக எதிர்கொள்ள வேண்டியிருந்தது: இந்த மண் யாருடையது, யார் கொடுத்தது, எந்த முறையில்? மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரியின் மேலும், கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரியின் மேலும் நிற்கிற ஊரில் இந்தக் கேள்வியைச் சிலைக்கு மட்டும் கேட்டால் போதாது.

இந்தக் கேள்விக்கு எலியாவிடம் சரக்கு இருக்கிறது, 21-ஆம் அதிகாரத்தில். பணம்தான் இன்றைய பாகால் என்று சொல்லிப் பிரசங்கத்தை முடித்துவிடுகிறவர்கள் அந்த அதிகாரத்தை நிதானமாகப் பார்ப்பதில்லை. ஆகாபின் அரண்மனையை ஒட்டி நாபோத் என்பவனின் திராட்சைத் தோட்டம். காய்கறித் தோட்டம் போட ஆகாபுக்கு அது வேண்டும். வேறு நிலமோ விலையோ தருகிறேன் என்கிறான். பாட்டன் சொத்து, கொடுக்கமாட்டேன் என்கிறான் நாபோத். இஸ்ரவேலின் சட்டமும் அவன் பக்கம்தான். பரம்பரை நிலத்தை அறுதியாக விற்க முடியாது. ஆகாப் வீட்டுக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துச் சாப்பிடாமல் கிடக்கிறான். யேசபேல் காரியத்தைக் கையில் எடுக்கிறாள். அவள் ஆளை விட்டு வெட்டவில்லை. ராஜாவின் முத்திரை போட்டு ஊர் மூப்பர்களுக்குக் கடிதம் எழுதுகிறாள். உபவாசம் கூறச் சொல்கிறாள். நாபோத்தைச் சபையின் முன்வரிசையில் உட்கார்த்தி, எதிரில் இரண்டு பொய்ச் சாட்சிகளை நிறுத்தச் சொல்கிறாள். சட்டப்படி இரண்டு சாட்சி வேண்டும், இரண்டு இருந்தது. குற்றச்சாட்டு, கடவுளையும் ராஜாவையும் பழித்தான் என்பது. எல்லாம் முறைப்படி நடந்து நாபோத் கல்லடி பட்டுச் செத்தான். நிலத்துக்காக நடந்த கொலை, மத நிந்தை வழக்காகப் பதிவாயிற்று. அதுவும் யாவேயின் பெயரில், யாவேயின் சட்டத்தை வைத்து, பாகாலைக் கொண்டுவந்தவளின் கையால்.

ஆகாப் தோட்டத்தைச் சுவாதீனம் எடுக்கப் போனபோது எலியா அங்கே வந்து நின்றார். இந்தத் தடவை கேலி இல்லை, நெருப்பு இல்லை, கூட்டமும் இல்லை. கொன்றாயே, எடுத்தும் கொண்டாயா என்ற கேள்வி மட்டும். கர்மேலில் அத்தனை நடந்த பிறகும் ஆகாபின் வம்சத்துக்குத் தீர்ப்புச் சொல்லப்படவில்லை; இந்தத் தோட்டத்தில்தான் சொல்லப்பட்டது. ஆகாப் அன்று ரட்டு உடுத்திக்கொண்டான், அதனால் தண்டனை அவன் மகன் காலத்துக்குத் தள்ளிப்போயிற்று. வருஷங்கள் கழித்து மகன் யோராமின் பிணத்தை அதே நிலத்தில்தான் எறிந்தார்கள். நாபோத்தின் பிள்ளைகளின் ரத்தமும் அங்கே சிந்தியிருந்தது என்ற சேதி அப்போதுதான் நமக்குத் தெரிய வருகிறது. நிலம் நாபோத்தின் சொந்தக்காரர் யாருக்காவது திரும்பிக் கிடைத்ததாக எங்கும் எழுதவில்லை.